ஏரியில் தண்ணீர் ஏற்ற கிம்ப் போதுமா?

கோடையில் கல்யாணம் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் படம் எடுக்க ஆசைப்படுபவர்களால்தான் எனக்குச் சித்திரையும் வைகாசியும் ஓடுகின்றன. சேலம் அம்மாபேட்டையில் வீட்டிலிருந்தபடியே ஸ்டுடியோக்களுக்கு ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். மணமக்களை ஏற்காடு ஏரிக்கோ மூக்கனேரிக்கோ பூலாம்பட்டிக்கோ அழைத்துப்போய் எடுத்த படங்கள் என் மேசைக்கு வரும்போது, தண்ணீர் வற்றிக் கிடக்கும்; இல்லையென்றால் காற்றில் கலைந்து நிழலே விழாமல் இருக்கும்; அதுவும் இல்லையென்றால் ஆகாயத்தாமரை மூடியிருக்கும். படங்களோடு ஒரு குரல்பதிவும் தவறாமல் வரும்: "அக்கா, தண்ணீரைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள். பெண் மாப்பிள்ளை நிழல் தண்ணீரில் விழுகிற மாதிரி இருந்தால் நல்லது." ஏற்றிவிடலாம் தம்பி, மதகுச் சாவி என் இடுப்பில்தானே இருக்கிறது.

இந்தத் தண்ணீர் வேலை முழுவதையும் இப்போது கிம்ப் 3 என்ற படம் திருத்தும் மென்பொருளில்தான் செய்கிறேன். அதில் தண்ணீர் எப்படி வருகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். முகத்தை வெளுக்க வைப்பது, இடுப்பைச் சுருக்குவது போன்ற புண்ணிய காரியங்களைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.

கிம்ப் இலவசம். பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1995இல் எழுதத் தொடங்கியது; பொதுமக்கள் கைக்கு 1996இல் வந்தது. அடோபி நிறுவனம் 2013இல் சந்தா முறைக்கு மாறியதிலிருந்து, ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்பு வேண்டும் என்றால் மாதாமாதம் வாடகை கட்டவேண்டும். ஆண்டில் பாதி நாள் முகூர்த்தமே இல்லாத தொழிலில் ஆடியிலும் மார்கழியிலும் வாடகை கட்டுவது யாருக்கு முடியும்? ஆனால் இலவசம் என்பதற்காக மட்டும் ஒன்றைப் பாராட்ட நான் தயாராக இல்லை. 2025 மார்ச்சில் 3.0 வரும்வரை கிம்ப்பில் ஒரு பெரிய குறை இருந்தது. ஒரு ஃபில்டரை, அதாவது படத்தை மாற்றும் ஒரு விளைவை, போட்டுவிட்டால் போட்டதுதான். அலை பெரிதாகிவிட்டது என்று மறுநாள் தோன்றினால் பின்னுக்குப் போய் முதலிலிருந்து செய்யவேண்டும். இப்போது பெரும்பாலான ஃபில்டர்கள் லேயரின் (படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள்களில் ஒன்று) மேல் தனியாக உட்கார்ந்திருக்கின்றன. லேயர் பட்டியலில் அவற்றின் குறியைத் தட்டி அளவை மாற்றலாம், கண் குறியை அணைத்து மறைத்து வைக்கலாம், வேண்டாமென்றால் நீக்கலாம். வாடிக்கையாளர் மூன்றாம் முறையாக மனதை மாற்றிக்கொள்ளும் தொழிலில் இதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

இனி தண்ணீருக்கு வருவோம். கிம்ப்பில் தண்ணீர் செய்யப் போகிறவர்கள் முதலில் தொடுவது ரிப்பிள் என்ற ஃபில்டரை. படத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் ஒட்டி, ரிப்பிளைப் போட்டு, வீச்சையும் அலைநீளத்தையும் இழுத்துவிட்டு, "ஆகிவிட்டது" என்பார்கள். அதில் கிடைப்பது தறியில் அடித்த கரை போல ஒரே சீரான நெளிவு. கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் அலையும் எதிர்க்கரையை ஒட்டிய அலையும் ஒரே அகலத்தில் நெளியும். அதுவும் பக்கவாட்டில் மட்டும் நெளியும். முன்பெல்லாம் பண்டிகை வாழ்த்துப் படங்களில் சாமி படத்துக்குக் கீழே அசைந்துகொண்டிருந்த தண்ணீர் இதே சாதிதான். வேவ்ஸ் என்று இன்னொரு ஃபில்டர் இருக்கிறது; கல் எறிந்தால் வட்டவட்டமாக விரியும் அலைக்கு அது பரவாயில்லை. மணமகள் காலை நனைக்கும் படத்தில், கால் விரலைச் சுற்றிச் சிறிய வட்டத்தில் தேர்வு செய்து லேசாகப் போட்டால் எடுபடும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

கிம்ப்பில் தண்ணீர் இருக்கும் இடம் டிஸ்ப்ளேஸ். பெயரைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. மெனுவிலும் எங்கோ மூலையில் ஒளிந்துகொண்டிருக்கும். இது ஒரு கருப்பு வெள்ளைப் படத்தை வரைபடமாக வைத்துக்கொண்டு உங்கள் படத்தின் புள்ளிகளை நகர்த்துகிறது. வரைபடத்தில் நடுச் சாம்பல் இருக்கும் இடத்தில் நகர்வு இல்லை. வெளுத்த இடத்தில் ஒரு பக்கம், கறுத்த இடத்தில் எதிர்ப்பக்கம். ஆகவே வரைபடம் எப்படியோ தண்ணீர் அப்படி. வேலை முழுவதும் அந்த வரைபடத்தில்தான்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். புதிய லேயரில் சாலிட் நாய்ஸ் என்ற, புகைபோல் கலங்கிய திட்டுகளை உருவாக்கும் ஃபில்டரைப் போடுகிறேன், எக்ஸ் அளவு 2, ஒய் அளவு 16. படுக்கைவசமாக நீண்ட கறுப்பு வெள்ளைத் திட்டுகள் வரும். பிறகு தூரம் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் அந்த லேயரின் கீழ் மூலைகள் இரண்டையும் தாளுக்கு வெளியே நன்றாக இழுத்துவிடவேண்டும். இப்போது முன்னால் திட்டுகள் அகலமாகவும் எதிர்க்கரைப் பக்கம் நெருங்கிக் கோடு கோடாகவும் நிற்கும். ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும், ஆனால் கணினி முன் உட்கார்ந்ததும் மறந்துவிடும். அதன்மேல் சிறிது காசியன் பிளர், அதாவது ஓரங்களை மழுக்கும் மங்கல். பிறகு டிஸ்ப்ளேஸில் இந்த லேயரைக் காட்டி, செங்குத்து நகர்வை அதிகமாகவும் கிடைநகர்வை மிகக் குறைவாகவும் வைக்கிறேன். 12க்கு 36 அங்குல ஆல்பம் தாளில் செங்குத்து 40 புள்ளி வைத்தால் கிடை 10 புள்ளியைத் தாண்டுவதில்லை. ஊரில் பலரும் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். தண்ணீரைத் தாழ்வாகச் சாய்த்துப் பார்க்கும்போது, நம்மை நோக்கிச் சரியும் அலைதான் நிழலை அதிகம் இழுக்கிறது. பக்கவாட்டில் சரியும் அலை அவ்வளவாக இழுப்பதில்லை. மாலையில் ஏற்காடு படகுத் துறை விளக்குகள் தண்ணீரில் எப்படி விழுகின்றன என்று பாருங்கள். உருண்டையான விளக்கு, நிழலில் நம் காலை நோக்கி நீண்ட கோடாகிவிடும். அகலத்தில் பெரிதாக மாறாது.

ஃபோட்டோஷாப்பிலும் டிஸ்ப்ளேஸ் உண்டு, வயதும் அதிகம். ஆனால் அங்கே வரைபடத்தைத் தனி பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவம்) கோப்பாகச் சேமித்துக் கொடுக்கவேண்டும், முன்னோட்டமும் கிடையாது. எண்ணைப் போட்டு ஓகே அழுத்திவிட்டுத்தான் பார்க்க முடியும். கிம்ப்பில் அதே ஆவணத்தில் உள்ள ஒரு லேயரையே வரைபடமாகக் காட்டலாம், எண்ணை மாற்ற மாற்றத் தாளிலேயே தண்ணீர் அசையும். இந்த ஒரு விஷயத்தில் காசு வாங்கும் மென்பொருளைவிட இலவச மென்பொருள் மேல் என்று எந்தச் சபையிலும் சொல்வேன்.

நெளிவு சரியாக வந்துவிட்டால் தண்ணீர் வந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு படகுக் கதை. ஏற்காடு படகுத் துறையில் மேலே நின்று எடுத்த படம். பெடல் படகில் மணமக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலிருந்து எடுத்ததால் படகின் உள்பக்கமும் சிவப்பு இருக்கையும் மாப்பிள்ளையின் முழங்காலும் தெரிகின்றன. எனக்கு முன் அதில் கைவைத்த யாரோ ஒருவர் படகை அப்படியே கவிழ்த்து ஒட்டி நிழல் ஆக்கியிருந்தார். நெளிவு அருமை, நிறம் அருமை. ஆனால் தண்ணீருக்குள்ளும் சிவப்பு இருக்கை தெரிந்தது! மணப்பெண்ணின் பாட்டி பார்த்ததும், "என்னம்மா இது, அடியில் இன்னொரு படகு மூழ்கிக் கிடக்கிறது" என்று கேட்டாராம். பாட்டி சொன்னதுதான் சரி. கேமரா தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே அளவு ஆழத்தில் தண்ணீருக்குள் இருந்து அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் நிழலில் தெரியும். படகுக்கு உள்ளே இருப்பது தெரியாது. படகின் வெளிச்சுவரும் அடிப்பாகமும்தான் தெரியும். சேலையின் மேல் மடிப்பு தெரியாது, மோவாயின் அடிப்பக்கம் தெரியும்.

இதை எந்த ஃபில்டராலும் தானாகச் செய்ய முடியாது, கிம்ப்பாலும் முடியாது. வழி ஒன்றுதான். தூரத்துச் சேர்வராயன் மலை, எதிர்க்கரை மரங்கள் எல்லாவற்றையும் தாராளமாகக் கவிழ்க்கலாம். அவ்வளவு தூரத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அருகில் உள்ளவற்றைத் தனியே வெட்டி, தெரியக்கூடாததை மறைத்து, மீதியைக் கவிழ்க்கவேண்டும். அந்தப் படத்தில் படகின் வெளிச்சுவரை மட்டும் எடுத்துக் கவிழ்த்து, இருக்கை இருந்த இடத்தைக் பக்கத்து நிறத்தை நகலெடுத்துப் பூசும் குளோன் கருவியால் இருட்டாக்கி, மணமக்களின் நிழலைத் தோளுக்கு மேல் மட்டும் விட்டேன். பாட்டி ஒப்புக்கொண்டுவிட்டார்.

இன்னொரு விஷயத்தையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே அளவு கண்ணாடியாக இருப்பதில்லை. நேர் கீழே குனிந்து பார்த்தால் விழும் ஒளியில் ஏறக்குறைய 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். அடித்தரையோ பாசியோ தெரியும். பார்வை சாயச் சாய நிழல் கூடிக்கொண்டே போய், எதிர்க்கரையை ஒட்டி முழுக் கண்ணாடிக்கு அருகில் வந்துவிடும். அதனால் நிழல் லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டு (வெள்ளை இடத்தில் லேயர் தெரியும், கறுக்கக் கறுக்க மறையும்), எதிர்க்கரைப் பக்கம் வெள்ளையும் நம் காலடிப் பக்கம் சாம்பலுமாக படிப்படியாக மாறும் ஒரு கிரேடியன்ட் இழுத்துவிடவேண்டும். காலடியில் ஏரியின் சொந்த நிறம் மேலே வரும். ஏற்காடு ஏரிக்கு அது பாசிப்பச்சை. இணையத்தில் கிடைக்கும் பயிற்சிகளைப் பார்த்துவிட்டு ஆகாய நீலத்தை ஊற்றுகிறவர்கள் ஒருமுறையாவது மலைமேல் போய்வரவேண்டும். வெயிலில் மின்னும் பொட்டுகளுக்கு, அதே நாய்ஸ் லேயரின் நகலை வெளிச்ச அளவை மாற்றும் கர்வ்ஸ் கருவியால் வெட்டிக் கூர்மையாக்கி, வெளிச்சத்தை மட்டும் கூட்டும் ஸ்கிரீன் முறையில் வைத்தால் போதும். வரைபடமும் மினுக்கமும் ஒரே அலையிலிருந்து பிறப்பதால் ஒன்றோடொன்று முரண்படாது.

தண்ணீரை ஏற்றச் சொல்லும் கோரிக்கையில் கிம்ப்பை முழுமையாகச் சோதித்தது மேட்டூர்ப் படம். 1934இல் கட்டி முடித்த அணை. முழுக் கொள்ளளவுக்கு 120 அடி. நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வரும். பரிசலில் போய் அந்த நந்திக்கு அருகே மணமக்களை எடுத்துவிட்டு, "நந்தியின் கழுத்து வரை தண்ணீர் வைத்துக் கொடுங்கள்" என்றார்கள். பரிசலில் உட்கார்ந்து எடுத்ததால் கேமரா தண்ணீரை ஒட்டியே இருந்தது. அதனால் நந்தியை அப்படியே கவிழ்த்தாலும் பொய் தெரியவில்லை. சங்கடம் கரையில்தான். அணைக்கரையில் தண்ணீர் இறங்கிய தடம் வெளிறிய பட்டையாகப் பாறைமேல் நீளமாகத் தெரியும். தண்ணீரை ஏற்றும்போது அந்தப் பட்டையையும் அதே மட்டத்துக்கு மூடவேண்டும். நந்தியின் கழுத்து எந்த மட்டமோ, தூரத்துப் பாறையிலும் அதே மட்டத்தில் நீர்க்கோடு நிற்கவேண்டும். பாத் கருவியால் கரையோரம் பாறையின் வளைவு நெளிவுகளை ஒட்டி ஒவ்வொரு புள்ளியாக வைத்துக் கோடு வரைந்தேன். பிறகு கோட்டுக்கு மேல் விரற்கடை அகலத்தில் பாறையைக் கொஞ்சம் இருட்டாக்கி ஈரம் காட்டினேன். அந்த ஈரக் கோடு இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல அலை போட்டாலும் தண்ணீர் படத்தின்மேல் ஒட்டிய ஸ்டிக்கர்தான். கிம்ப்பின் பாத் கருவி இதற்குக் கச்சிதம். கோட்டைச் சேமித்து வைத்து, "கழுத்து வேண்டாம், முதுகு வரை போதும்" என்று அவர்கள் திரும்பி வந்தபோது கீழே நகர்த்திக்கொண்டேன்.

அருவிக்கு வருகிறேன். கிளியூர் அருவி ஏற்காடு ஏரியின் உபரி நீரில் பிழைப்பது. கோடையில் போனால் பாறையைத்தான் பார்க்கமுடியும். மழைக்குப் பிறகு தண்ணீர் விழும்போது எடுத்த படத்தைப் பால் போல் ஆக்கித் தரச் சொல்வார்கள். மோஷன் பிளர் போட்டுப் பார்த்தால் எல்லாத் தண்ணீரும் ஒரே திசையில் சீவிவிட்டது போல் வரும். கிளியூரிலோ தண்ணீர் பாறையில் மோதி இரண்டாகப் பிரிந்து, திரும்பி, மறுபடி சேர்ந்து விழுகிறது. நேர்மையான வழி ஸ்டாண்டில் கேமராவை அசையாமல் வைத்துத் தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுத்து வருவது. அவற்றை லேயர்களாகத் திறந்து, அடியிலிருந்து மேலாக ஒளிபுகாமையை 100, 50, 33, 25 என்று வைத்துக்கொண்டே போனால் எல்லாப் படங்களின் சராசரி கிடைக்கும். அசையும் தண்ணீர் மட்டும் பாலாகும், பாறை பாறையாகவே நிற்கும். இதில் பொய் எதுவும் இல்லை. விலைகொடுத்து இருட்டு ஃபில்டர் வாங்கிக் கேமராவில் மாட்டவும் வேண்டாம். ஜிமிக் என்ற இலவசத் துணைநிரலைக் கிம்ப்போடு சேர்த்து நிறுவிக்கொண்டால் மீடியன் (நடு மதிப்பு) முறையிலும் லேயர்களைக் கலக்கலாம். குறுக்கே நடந்துபோன சுற்றுலாப் பயணிகள் காணாமல் போவார்கள். அது பிரான்சின் கான் (Caen) நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் பிறந்தது. வாட்டர் என்ற பெயரிலேயே அதில் ஒரு ஃபில்டர் இருக்கிறது, வீச்சு, வழவழப்பு, கோணம் மூன்றையும் கேட்கும். குளத்தின் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை அசைத்துக் காட்ட நல்லது. ஏரிக்கு உதவாது, தூரம் என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் நொடியில் தந்துவிடுமே என்பார்கள். தருகிறது. பெயர் வேண்டாம், ஒரு கருவியில் ஏற்காடு ஏரியின் படத்தைக் கொடுத்துத் தண்ணீரை மட்டும் நிரப்பச் சொன்னேன். தண்ணீர் பிரமாதம், பளிங்கு போல் இருந்தது. எதிர்க்கரையில் நம் மரங்கள் போய் ஊசியிலை மரங்கள் வந்திருந்தன, நிழலில் பனிமலை ஒன்று எட்டிப் பார்த்தது. மலைமேல் பிறந்து வளர்ந்த பெண்ணின் கல்யாண ஆல்பம் அது. அவளுடைய ஏரியை எடுத்துவிட்டு வேறு யாருடைய ஏரியையோ வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கிம்ப்பின் மேல் எனக்குக் கோபமும் உண்டு. 12க்கு 36 அங்குலத் தாள் அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) என்றால் 3600க்கு 10800, அதாவது ஏறக்குறைய 3.9 கோடி புள்ளிகள். அவ்வளவு பெரிய தாளில் டிஸ்ப்ளேஸ் முன்னோட்டம் என் கணினியில் தவழ்ந்து வரும். சிறு பகுதியை மட்டும் தேர்வு செய்து சோதித்துவிட்டு, அளவு பிடிபட்டபின் முழுத்தாளில் போடுவதுதான் பிழைக்கும் வழி. ஸ்டுடியோக்கள் அனுப்பும் பிஎஸ்டி ஆல்பம் டெம்ப்ளேட்களில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (உள்ளே இருக்கும் படத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய லேயர்) இருந்தால் 3.0இல் அது சாதாரணப் படமாகத்தான் திறக்கும். டெம்ப்ளேட்டை நம்பியே தொழில் செய்பவர்கள் இதை யோசித்துவிட்டு மாறவேண்டும். அச்சு மையின் நான்கு நிறங்களான சிஎம்ஒய்கே முறையில் நேரடியாக வேலை செய்யவும் வழியில்லை. ஆல்பம் அச்சிடும் லேப்கள் திரை நிறமுறையான ஆர்ஜிபியில் ஜேபெக் வாங்கிக்கொள்வதால் எனக்குச் சிக்கல் இல்லை; ஆப்செட்டில் காலண்டர் அடிப்பவர்களுக்குச் சிக்கல்தான். மெனுக்களின் அமைப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. தண்ணீருக்கு வேண்டியவை டிஸ்டார்ட்ஸ், மேப், ரெண்டர் என்று மூன்று தெருக்களில் சிதறிக் கிடக்கின்றன.

வெறும் ஒரு படத்தை நண்பர்களுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்பவர்கள் இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. கைபேசியிலேயே ஏதாவது ஒன்றைத் தட்டிக்கொள்ளுங்கள். காசு வாங்கிக்கொண்டு அச்சில் கொடுப்பவர்களுக்குத்தான் கிம்ப். அவர்களில் ஏற்கெனவே ஃபோட்டோஷாப் கையில் பழகி, சந்தாவும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் மாறவேண்டிய அவசியமில்லை; நான் சொன்ன வரைபடத்தை அங்கேயும் செய்யலாம், முன்னோட்டம் இல்லாமல் தடவவேண்டும் என்பதுதான் வித்தியாசம். புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு, தண்ணீரைப் பொறுத்தவரை, கிம்ப்பைத் தயங்காமல் சொல்வேன்.

ஸ்டுடியோத் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பின்னால் தண்ணீரில் வேலை இருக்கிறது என்று தெரிந்தால் அதே இடத்தில் லென்ஸில் போலரைசர் கண்ணாடி மாட்டி ஒரு படம், மாட்டாமல் ஒரு படம் எடுத்து வாருங்கள். போலரைசரை நன்றாகத் திருப்பினால் தண்ணீரின் பளபளப்பு பெருமளவு அடங்கிவிடும். செங்குத்துக் கோட்டிலிருந்து 53 டிகிரி அளவு சாய்ந்த பார்வையில் மிக நன்றாக அடங்கும். அந்தப் படத்தின்மேல் புது நிழலை வைப்பது, கலைந்த பழைய நிழலைத் துடைத்துவிட்டு வைப்பதைவிட எவ்வளவோ சுலபம். லேப்புக்கு அனுப்பும்போது நிழல் பகுதியைத் திரையில் சரியாகத் தெரிவதைவிட ஒரு பிடி வெளிறலாக வையுங்கள். மேட் தாளில் பச்சையும் கறுப்பும் அமுங்கும். திரையில் தெளிந்திருந்த ஏற்காடு ஏரி ஆல்பத்தில் சாக்கடையாக வந்து நின்றால், ஸ்டுடியோவுக்கு வரும் போன் நேராக என் வீட்டுக்குத் திரும்பிவிடும்.